உட்கார்ந்திருந்த இரண்டு பேர்

போன வாரத்து நகர மன்றக் கூட்டம் முடிந்ததிலிருந்து பெரியவள் தன் புருஷனோடு பேசவில்லை. பேசாமலே சண்டை போடுவது எப்படி என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுபவர்கள் அவளிடம் வந்து பாடம் கேட்கலாம். காபிக் கோப்பையை மேஜையில் வைக்கும் சத்தத்திலேயே ஒரு முழு வாக்கியத்தைச் சொல்லிவிடுவாள்.

இன்று காலையும் அப்படித்தான். கோப்பை "டொக்" என்று இறங்கியது. ரொட்டியும் முட்டையும் அதன் பின்னால் வந்தன.

"யாருக்காவது உப்பு வேணும்னா அலமாரியில இருக்கு," என்றாள் பெரியவள், ஜன்னலைப் பார்த்து.

"யாருக்கும் வேணாம்," என்றார் அவர், தட்டைப் பார்த்து. முட்டையில் உப்பே இல்லை. அதையும் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டு முடித்தார்.

அவர்தான் நகர மன்றத்தின் செயலாளர். ஊருக்குள் அவருக்குத் 'தராசு' என்று பெயர். வீட்டில் கேக் வெட்டினால்கூட அளவுகோலை வைத்துத்தான் வெட்டுவார். மன்றத்துப் பேனாவை வீட்டுக்குக் கொண்டுவர மாட்டார், வீட்டுப் பேனாவை மன்றத்துக்கு எடுத்துப் போக மாட்டார். இப்படி ஒரு மனிதரை நேசிப்பது சுலபம், கூடக் குடித்தனம் நடத்துவது கொஞ்சம் கஷ்டம் என்பது பெரியவளின் அனுபவம்.

சண்டை என்னவென்று இதற்குள் பாதி ஊருக்குத் தெரியும். பெரியவளின் தங்கை, எல்லோருக்கும் 'சின்னவள்', கடைத்தெருவில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவள், போன மாதம் தேர்தலில் ஜெயித்து மன்ற உறுப்பினராகிவிட்டாள். பிறந்ததிலிருந்தே அவள் கால்கள் நடக்கவில்லை. வாய் மட்டும் இரண்டு பேருக்குச் சேர்த்து நடக்கும். போன வாரம்தான் அவளுக்கு முதல் கூட்டம்.

அன்றைக்கு வந்த தீர்மானம் சின்ன விஷயம்தான். மன்றத்தின் பள்ளிப் பேருந்துகளை ஓட்டுவது பெண்கள், குப்பை லாரிகளை ஓட்டுவது ஆண்கள். இரண்டு பேருக்கும் ஒரே லைசென்ஸ், ஒரே ரோடு, ஆனால் லாரிக்காரர்களுக்குச் சம்பளம் அதிகம். சமத்துவச் சட்டப்படி இரண்டையும் ஒன்றாக்க வேண்டும் என்று ஒரு உறுப்பினர் எழுந்து கேட்டார். பள்ளிப் பேருந்து ஓட்டும் பெண்களில் நம் பெரியவளும் ஒருத்தி.

ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்க வேண்டும், நிற்பவர்களைச் செயலாளர் எண்ணுவார். அந்த மன்றத்தில் ஓட்டெடுப்பு நடக்கும் முறை அதுதான். ஏழு பேர் நின்றார்கள். சின்னவள் சக்கர நாற்காலியில் இருந்தபடி கையை உயரத் தூக்கினாள். எதிர்ப்பவர்கள் ஏழு பேர் நின்றார்கள். செயலாளர் ஏழுக்கு ஏழு என்று அறிவித்தார். சமமாக வந்தால் தலைவர் ஒரு ஓட்டுப் போடலாம். தலைவர் எதிர்த்துப் போட்டார், தீர்மானம் தோற்றது.

"மாமா, என் கை?" என்று சின்னவள் கேட்டாள்.

"விதிப்படி நிற்பவர்களைத்தான் எண்ண முடியும். உறுப்பினர் ஓட்டளிக்கவில்லை என்று குறித்திருக்கிறேன்," என்றார் தராசு.

அன்றைக்குப் பெரியவள் வாயை மூடியவள்தான், இன்னும் திறக்கவில்லை.

பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, காலிப் பேருந்தைத் தங்கையின் கடைக்கு முன்னால் நிறுத்தினாள் பெரியவள். உள்ளே சின்னவள் ஒரு போனைப் பிரித்துப் போட்டு, கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, ஏதோ ராகம் இழுத்துக்கொண்டிருந்தாள். கூட்ட நாளன்று ஒருத்தி இவ்வளவு சந்தோஷமாக இருக்கலாமா என்று பெரியவளுக்கு எரிச்சலாக வந்தது.

"சாயங்காலம் என்னடி பண்ணப் போற?"

"போன வாரக் குறிப்பைப் படிப்பாங்க. சரின்னு எல்லாரும் ஒத்துக்கிட்டா உறுதியாயிடும். அதுக்கு முன்னாடி நான் ஆட்சேபணை சொல்லணும்."

"ஒத்துக்கிட்டுட்டா?"

"அவ்வளவுதான். அப்புறம் யாராலயும் மாத்த முடியாது. நான் ஓட்டே போடலேன்னு ஆயிடும். உங்க சம்பளத்தை அடுத்த வருஷம்தான் திரும்பக் கேக்க முடியும்." சின்னவள் ஒரு சின்ன ஸ்க்ரூவை நாக்கால் ஈரப்படுத்திய விரலில் ஒற்றி எடுத்தாள். "அப்புறம் ஒவ்வொரு கூட்டத்திலயும் இதே கதைதான். நான் அங்க போயி உக்காந்து வேடிக்கை பாத்துட்டு வரணும்."

"எல்லாம் உங்க மாமாவால!"

"மாமா மேல எனக்குக் கோபமே இல்லக்கா."

"அப்ப நான் யாருக்காகடி இத்தனை நாளா அந்த மனுஷனோட பேசாம இருக்கேன்?"

"அதை நீதான் சொல்லணும். நானா உன்னைப் பேசாதேன்னேன்?" சின்னவள் சிரித்தாள். "அந்தக் கட்டடத்துல லிஃப்ட் வரணும்னு மாமாதானே ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கினாரு? வாசக் கதவை அகலப்படுத்தினது, கவுண்டரை இறக்கினது, எல்லாம் அவருதானே. நான் ஜெயிச்ச மறுநாளே முதல் வரிசைக் கோடியில இருந்த நாற்காலியை அவரே ஸ்பேனர் எடுத்துக் கழட்டி எனக்கு இடம் பண்ணினாரு. வேற யாரும் செய்யலேக்கா."

"இடம் பண்ணிக் குடுத்துட்டு, அதுல உக்காந்தவளை எண்ண மாட்டாராமா?"

"அதான் எனக்கும் புரியல," என்றாள் சின்னவள். முதல் தடவையாக அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "வேற யாரு செஞ்சிருந்தாலும் சண்டை போட்டிருப்பேன். மாமான்னதும் எனக்கு வாய் வரல."

இரண்டு பேருக்குச் சேர்த்துப் பேசுகிறவளுக்கு வாய் வரவில்லை என்பது பெரியவளுக்குப் புதிது. தங்கையின் தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டிவிட்டு வெளியே வந்தாள்.

பேருந்தில் ஏறியபோதுதான் தன் கைப்பையில் இருந்த கண்ணாடிக் கூடு கண்ணில் பட்டது. அவருடையது. காலையில் அவர் மறந்து வைத்துவிட்டுப் போனதைப் பார்த்தும், பேசக் கூடாதே என்று ஒன்றும் சொல்லாமல் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். கண்ணாடி இல்லாமல் அவர் குறிப்பை எப்படிப் படிப்பார்? படிக்காமல் தடுமாறட்டும் என்று ஒரு மனசு சொன்னது. இன்னொரு மனசு பேருந்தை மன்றத்துப் பக்கம் திருப்பிவிட்டது.

அந்த நேரத்தில் மன்றக் கூடம் காலியாக இருந்தது. காலி நாற்காலிகளுக்கு முன்னால் தராசு தனியாக நின்றுகொண்டு, தாளைக் கையெட்டும் தூரத்துக்கு நீட்டிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி வாசித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கூட்டத்துக்கு முன்னாலும் அவர் இப்படி ஒத்திகை பார்ப்பது உண்டு. ஆளில்லாத நாற்காலிகளைப் பார்த்து "மதிப்பிற்குரிய உறுப்பினர்களே" என்று வணங்கவும் செய்வார்.

பெரியவள் கண்ணாடியை அவர் முன்னால் நீட்டினாள். பேசவில்லை.

"நன்றி," என்றார் அவர். போட்டுக்கொண்டு பார்த்தார். தயங்கினார். "வழக்கமா தலைவர் பேச வேண்டியதை உதவியாளர் படிப்பான். இன்னைக்கு அவன் லீவு. கொஞ்ச நேரம் அங்க உக்காந்து... ரெண்டு வரிதான்."

மேடை மேல் உயரமான முதுகு வைத்த தலைவர் நாற்காலி இருந்தது. கிளட்ச் மிதித்து மிதித்துக் காலெல்லாம் கடுத்துப் போயிருந்த பெரியவளுக்கு அந்த மெத்தையைப் பார்த்ததும் கௌரவம் கொஞ்சம் தளர்ந்தது. போய் உட்கார்ந்தாள். அட, என்ன சுகம்!

தராசு தொண்டையைச் செருமினார். "ஆதரவு ஏழு. எதிர்ப்பு ஏழு. தலைவர் அவர்களின் ஓட்டு?"

"ஆதரவு!" என்றாள் பெரியவள்.

"இல்ல, எதிர்ப்புன்னு சொல்லணும். போன வாரம் நடந்ததைத்தானே படிக்கிறோம்?"

"நான் தலைவரா, நீங்க தலைவரா? எனக்கு ஆதரவுதான்."

அவர் உதட்டோரம் துடித்தது. சிரிப்பை அடக்கும்போது அவருக்கு அப்படித்தான் துடிக்கும். பெரியவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, பேசிவிட்டோமே என்று தாமதமாகத்தான் உறைத்தது. போகட்டும், தலைவராகத்தானே பேசினோம் என்று சமாதானம் செய்துகொண்டாள்.

"சரி, தலைவர் ஆதரவு," என்று அவர் தாளில் ஒரு கோடு போட்டார். "எட்டு."

"எண்ணிட்டீங்களா? அப்ப எனக்குச் சம்பளம் கூடிருச்சு." அவள் காலை நன்றாக நீட்டிச் சாய்ந்துகொண்டாள். "இந்த நாற்காலியில உக்காந்தா எழுந்திருக்கவே மனசு வரலீங்க."

பேனா அப்படியே நின்றது.

அவர் அவளைப் பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார். பிறகு முதல் வரிசைக் கோடியில், நாற்காலி கழற்றிய இடத்தில் தரையில் தெரிந்த நாலு ஸ்க்ரூ ஓட்டைகளைப் பார்த்தார்.

"நீ எழுந்திருக்கல," என்றார்.

"தலைவர் எழுந்திருப்பாரா?"

"மாட்டார். தலைவர் உக்காந்துதான் ஓட்டுப் போடுவார். அது மரபு. அவருக்கு முன்னாடி இருந்தவரும் அப்படித்தான்." பேசப் பேச அவர் குரல் தேய்ந்துகொண்டே போனது. "போன வாரம் உக்காந்திருந்தவங்க ரெண்டு பேர். ஒருத்தரை எண்ணினேன். ஒருத்தியை எண்ணல."

தராசு அருகிலிருந்த நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

"உனக்கு ஒண்ணு சொல்லட்டுமா? அங்க வேற யாராவது இருந்திருந்தா அந்தக் கையை எண்ணியிருப்பேன். விதியாவது ஒண்ணாவது, சட்டம் அதுக்கு மேலன்னு அப்பவே சொல்லியிருப்பேன். உன் தங்கச்சியா போயிட்டா. உன் சம்பளமா போயிடுச்சு. நம்ம ஆளுக்குச் சாதகமா நடந்துட்டேன்னு யாரும் விரல் நீட்டக் கூடாதுன்னு..." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை. "நம்ம ஆள்ங்கறதாலயே அவளுக்கு அநியாயம் பண்ணிட்டேன்."

பெரியவளுக்குக் கோபம் எங்கே போனது என்றே தெரியவில்லை. எழுந்து போய் அவர் தோளில் கை வைத்தாள்.

"சாயங்காலம் இதைச் சொன்னா என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

"பொண்டாட்டி சம்பளத்துக்காகத் தராசு சாஞ்சிருச்சுன்னு ஊரே சிரிக்கும். இவ்வளவு நாள் கட்டிக் காப்பாத்தின பேரு ஒரே நிமிஷத்துல போயிடும்."

சொல்லுங்கள் என்று கத்த வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேங்க. நான் சொல்லி நீங்க செஞ்சா அது வேற கதையாயிடும். நீங்களே யோசிச்சுக்கங்க. ராத்திரி சாப்பாட்டுக்கு உப்புப் போட்டு வைக்கிறேன்."

சாயங்காலம் பார்வையாளர் பெஞ்சில் இடமே இல்லை. பேருந்து ஓட்டும் பெண்கள் அத்தனை பேரும் சீருடையோடு வந்து நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பெரியவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கைக்குட்டையை முறுக்கு முறுக்கென்று முறுக்கிக்கொண்டிருந்தாள்.

கீழே முதல் வரிசைக் கோடியில் சின்னவள். மேடையில் தலைவர், மூட்டுவலிக்குப் பெயர்போனவர், நல்ல மனுஷர், யாரையும் பகைத்துக்கொள்ளத் தெரியாதவர். எதிர்வரிசையில் பெயிண்ட் கடைக்காரர், சம்பளத் தீர்மானத்தை எதிர்த்தவர்களில் முதல் ஆள்.

"போன கூட்டத்துக் குறிப்பைச் செயலாளர் படிப்பார்," என்றார் தலைவர்.

தராசு எழுந்தார். தாளைக் கையில் எடுத்தார். மறுபடி மேஜையிலேயே வைத்துவிட்டார்.

"தலைவர் அவர்களே, இந்தக் குறிப்பில் ஒரு தப்பு இருக்கிறது. தப்பு என்னுடையது."

சின்னவள் ஆட்சேபணைக்காகத் தூக்கிய கை பாதியிலேயே நின்றது.

"போன வாரம் இந்தக் கூடத்தில் இரண்டு பேர் உட்கார்ந்தபடி ஓட்டளித்தார்கள். ஒருவர் தலைவர் அவர்கள். இன்னொருவர் முதல் வரிசைக் கோடியில் இருக்கும் உறுப்பினர். தலைவர் ஓட்டை எண்ணினேன். உறுப்பினர் ஓட்டை, நிற்கவில்லை என்று சொல்லி விட்டுவிட்டேன்."

கூடம் சலசலத்தது. "அது எப்படி! தலைவர் எழுந்திருப்பது வழக்கமில்லையே!" என்றார் பெயிண்ட் கடைக்காரர்.

"வழக்கமில்லை. அந்த வழக்கத்தை யாரும் கேள்வி கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. ஒருவர் உட்கார்ந்திருந்தால் அது மரியாதை, இன்னொருவர் உட்கார்ந்திருந்தால் அவர் ஓட்டே போடவில்லை என்று எழுதிவிட்டேன். நம் மன்றம் சமத்துவச் சட்டத்தை முழுதாகக் கடைப்பிடிக்கிறது, இங்கே யாருக்கும் எந்தத் தடையும் இல்லை என்று சமத்துவ ஆணையத்துக்கு இன்று அறிக்கை அனுப்ப வேண்டும். அதில் நான் கையெழுத்துப் போட வேண்டும். லிஃப்ட் போட்டோம், கதவை அகலமாக்கினோம், எல்லாம் சரி. ஆனால் கடைசித் தடையாக நானே நின்றுகொண்டிருந்தேன். இந்த அறிக்கையில் என்னால் கையெழுத்துப் போட முடியாது."

தலைவர் கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கினார். "ஐயா, அப்ப இத்தனை வருஷமா நான் உக்காந்தே போட்ட ஓட்டெல்லாம் செல்லாதா?"

"உட்கார்ந்து போட்டால் செல்லும் என்றால் உங்களுடையதும் செல்லும், தலைவர் அவர்களே."

"செல்லட்டும் ஐயா, செல்லட்டும்! என் முட்டிய வச்சிக்கிட்டு நான் எழுந்திருக்கறதாவது!"

கூடம் கொல்லென்று சிரித்தது. பெயிண்ட் கடைக்காரரும் சிரித்துவிட்டு, பிறகு ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார்.

தராசு கையைத் தூக்கினார். "இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் தீர்மானம் நிறைவேறினால் என் மனைவிக்குச் சம்பளம் கூடும். அவள் பார்வையாளர் பெஞ்சில்தான் இருக்கிறாள், கைக்குட்டையைக் கிழித்துக்கொண்டிருக்கிறாள். அதனால் இனி இந்த ஓட்டை நான் எண்ணக் கூடாது."

பேனாவைத் தலைவர் மேஜையில் வைத்துவிட்டு, நேரே போய் சுவரோரம் நின்றுகொண்டார். பெஞ்சிலிருந்த அத்தனை பெண்களும் திரும்பிப் பெரியவளைப் பார்த்தார்கள். அவள் கைக்குட்டை நிஜமாகவே கிழிந்திருந்தது. வெட்கமும் பெருமையும் ஒன்றாக வந்து அவளுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. கல்யாணத்தன்றுகூட இவரை இவ்வளவு பிடித்ததில்லை.

தலைவர் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ முணுமுணுத்தார். தலையை ஆட்டினார். "போன வார ஓட்டெடுப்பு சரியா நடக்கல. இப்பவே மறுபடி எடுக்கறோம். யாரும் நிக்க வேண்டாம். எல்லாரும் உக்காந்தபடியே கையைத் தூக்குங்க. நானே எண்ணறேன். ஆதரவு?"

கைகள் உயர்ந்தன. தலைவர் சுட்டுவிரலை நீட்டிப் பின்வரிசையிலிருந்து எண்ணத் தொடங்கினார். ஒன்று, இரண்டு என்று விரல் வரிசை வரிசையாக இறங்கி வந்தது. ஏழு என்ற இடத்தில் விரல் ஒரு நொடி நின்றது. பிறகு முதல் வரிசைக் கோடிக்கு நகர்ந்தது. அங்கே சின்னவள், தோள்பட்டை வலிக்கும் அளவுக்குக் கையை நீட்டி, விரல்களையும் விரித்துப் பிடித்திருந்தாள்.

"எட்டு," என்றார் தலைவர்.

எதிர்ப்பு ஏழு. தலைவர் ஓட்டுக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது.

பெஞ்சில் கைதட்டல் கிளம்பியது. பார்வையாளர்கள் கைதட்டக் கூடாது என்பது விதி, தட்டுகிறவர்களை வெளியே அனுப்புவது செயலாளரின் வேலை. செயலாளர் சுவரோரம் நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சத்தம் அடங்குவதற்குள் பெயிண்ட் கடைக்காரர் எழுந்தார். நிற்க வேண்டியதில்லை என்பது நினைவுக்கு வந்து உட்கார்ந்தார்.

"தலைவரே, ஒரு ஆட்சேபணை. செயலாளர் தன் மனைவின்னு ஒதுங்கிட்டாரு, சரி. ஆனா அந்த அம்மா, இந்த உறுப்பினருக்குக் கூடப் பிறந்த அக்கா. அக்கா சம்பளத்துக்குத் தங்கச்சி ஓட்டுப் போடலாமா? எட்டுல ஒண்ணு போனா மறுபடி ஏழுக்கு ஏழுதான்."

கைதட்டிய கைகள் எல்லாம் மடியில் விழுந்தன.

தலைவர் தாடையைச் சொறிந்தார். "கேள்வி நியாயமான கேள்விதான். வெளியில இருந்து ஒரு வக்கீல்கிட்ட கேட்டு அடுத்த வாரம் சொல்றேன். அதுவரைக்கும் தீர்மானம் நிலுவையில இருக்கட்டும்."

கூட்டம் கலைந்தது. பெரியவள் படிகளில் தடதடவென்று இறங்கி லிஃப்டுக்கு முன்னால் ஓடினாள். தங்கை அழுதுகொண்டிருப்பாள், என்ன சொல்லித் தேற்றுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

லிஃப்ட் திறந்தது. உள்ளே சின்னவளும், அவள் நாற்காலிக்குப் பின்னால் தராசும் இருந்தார்கள். சின்னவள் அழத்தான் செய்தாள். ஆனால் விழுந்து விழுந்து சிரித்ததில் வந்த கண்ணீர் அது. தராசு ஒன்றும் புரியாமல் முழித்துக்கொண்டிருந்தார்.

"என்னடி சிரிப்பு? அடுத்த வாரம் உன் ஓட்டைத் தள்ளிடுவாங்களோன்னு எனக்கு உயிரே போகுது!"

"தள்ளினா தள்ளட்டும், சண்டை போட்டுப் பாத்துக்கலாம்." சின்னவள் அக்காவின் கையைப் பிடித்து இழுத்தாள். "போன வாரம் நான் அங்க இருந்ததே கணக்குல வரல. இன்னைக்கு அந்தப் பெயிண்ட் கடைக்காரரு என் காலைப் பத்தி ஒரு வார்த்தை பேசினாரா? இல்லையே! உன் தங்கச்சின்னு பேசினாரு. அக்கா இருக்கற யாரைப் பாத்து வேணும்னாலும் கேக்கக்கூடிய கேள்விக்கா அது. எல்லாரையும் எப்படி எதிர்ப்பாரோ அப்படித்தான் என்னையும் எதிர்த்தாரு!"